தலையைக் கேட்டவள்: சிக்ரிட் உண்ட்செட்டின் ‘குன்னாரின் மகள்’

‘வின்லாண்ட் சாகா’வின் தோர்ஃபின், ‘தி நார்த்மேன்’ படத்தின் அம்லெத். இந்த இருவரையும் திரையில் பார்த்தவர்களுக்கு வைக்கிங் கதை என்றால் ஒரு அச்சு மனதில் பதிந்திருக்கும். அப்பா கொல்லப்படுகிறார், மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு அவன் வாழ்க்கை மொத்தமும் ஒரே ஒரு ஆளைத் தேடிப்போகிற பயணம். இரண்டு படைப்புகளும் அந்தப் பயணத்தைக் கேள்வி கேட்கவும் செய்கின்றன. ஆனால் ஓட வைக்கும் எரிபொருள் ஒன்றுதான்.

சிக்ரிட் உண்ட்செட் 1909-இல் வெளியிட்ட ஒரு சிறிய நாவலிலும் ஒரு மகன் இருக்கிறான், ஒரு பழி இருக்கிறது. ஆனால் இங்கே மகன் கொல்ல வேண்டியது அவன் அப்பாவை. தலையைக் கொண்டுவா என்று கேட்பவள் அம்மா.

நார்வீஜியத்தில் அதன் தலைப்பு ‘விகா-லியோத், விக்தீஸ் ஆகியோரின் கதை’ என்ற பொருளில் வரும். ஆர்தர் சேட்டர் 1936-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது அது ‘குன்னாரின் மகள்’ ஆனது. இதைப் பற்றி எங்கே படித்தாலும் ‘துயரக் காதல்’ என்ற சொல் கண்ணில் படும். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. நாவலின் தொடக்கத்திலேயே ஒரு வல்லுறவு நடக்கிறது. அதைச் செய்தவனுக்கும் அதற்கு ஆளானவளுக்கும் நடுவே இருப்பதைக் காதல் என்று எப்படிச் சொல்வது? சரி, காதலே இல்லை என்று ஒதுக்கிவிடலாமா என்றால் நாவல் அதற்கும் விடுவதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் உண்ட்செட் நம்மை நிறுத்துகிறார்.

*

உண்ட்செட்டை நம்மில் பலருக்கு ‘கிறிஸ்டின் லாவ்ரான்ஸ்தாத்தர்’ என்ற மூன்று பாகப் பெருநாவலின் ஆசிரியராக, 1928-இல் நோபல் வாங்கியவராகத் தெரிந்திருக்கலாம். க.நா.சு. நமக்குக் கொடுத்த ஸ்காண்டிநேவிய வரிசையில் ஹாம்சுன்னின் ‘நிலவளம்’ இருக்கிறது, லாகர்லாவின் ‘மதகுரு’ இருக்கிறது. அந்த ருசி பழகியவர்களுக்கு உண்ட்செட் அந்நியமாக இருக்க மாட்டார். ஆனால் அவர்களைவிடக் கொஞ்சம் குளிர் அதிகம்.

அவருடைய அப்பா இங்வால்ட் உண்ட்செட் தொல்லியலாளர். மகளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். வீட்டில் பணமில்லை. பதினாறு, பதினேழு வயதிலேயே சிக்ரிட் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், ஏ.ஈ.ஜி. என்ற ஜெர்மன் மின்பொறியியல் கம்பெனியின் அலுவலகத்தில் செகரட்டரியாகச் சேர்ந்தார். பத்து வருடம். பகலில் கடிதம் தட்டச்சு, இரவில் எழுத்து. ஆபீஸ் லேப்டாப்பை மூடிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வேர்ட் ஃபைலைத் திறக்கிற நம்ம ஆட்களுக்கு இந்தப் பத்து வருடத்தின் கனம் புரியும்.

அந்த இரவுகளில் அவர் முதலில் எழுதியது இடைக்காலத்தில் நடக்கிற ஒரு சரித்திர நாவல். பதிப்பகம் திருப்பி அனுப்பியது, சரித்திர நாவல் உங்களுக்கு வராது, விட்டுவிடுங்கள் என்ற அறிவுரையோடு. அவர் சமகாலக் கதைக்குத் திரும்பினார். 1907-இல் ‘திருமதி மார்த்தா ஊலி’ வந்தது. கணவனுக்குத் துரோகம் செய்த ஒரு பெண்ணின் ஒப்புதல். பெயர் கிடைத்தது. அதற்கு இரண்டே வருடத்தில், வராது என்று சொல்லப்பட்ட அதே சரித்திர நாவல் வடிவத்தை அவர் மறுபடி எடுத்தார், வேறொரு கதையோடு. அதுதான் ‘குன்னாரின் மகள்’.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1880-இல் கோக்ஸ்டாட் கப்பலும் 1904-இல் ஒசெபெர்க் கப்பலும் நார்வே மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டிருந்தன. 1905-இல் நாடு ஸ்வீடனிடமிருந்து பிரிந்து தனியாகிறது. புதிய நாட்டுக்குப் பழைய வீரம் தேவைப்பட்ட நேரம். வைக்கிங் என்றாலே ஒரு தேசியப் பெருமிதம். தொல்லியலாளரின் மகளுக்கு அந்தப் பெருமிதத்தில் அக்கறையில்லை. ஒசெபெர்க் கப்பலில் புதைக்கப்பட்டிருந்தவர்கள் இரண்டு பெண்கள் என்பது எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கப்பலைப் பார்த்து எல்லோரும் வீரர்களைக் கற்பனை செய்துகொண்டிருந்த காலத்தில், உண்ட்செட் கரையில் நின்ற ஒரு பெண்ணை எழுதினார்.

*

கதை ஏறக்குறைய கி.பி. 1000-ஐ ஒட்டி நடக்கிறது. இன்றைய ஒஸ்லோ பக்கத்தில் வாதின் என்ற பண்ணை. அதன் தலைவர் குன்னார். அவருடைய ஒரே மகள் விக்தீஸ். ஐஸ்லாந்திலிருந்து வருகிறான் லியோத், இளைஞன், கவிதை சொல்லத் தெரிந்தவன், கோபக்காரன். ‘விகா’ என்ற அடைமொழி கொலையைக் குறிப்பது. சின்ன வயதிலேயே ஆளை வெட்டிய பெயர் அது.

இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது. இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் விக்தீஸ் கர்வக்காரி. அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவளுக்கு அவகாசம் வேண்டும். அவனுக்கு அவகாசம் என்பதே அவமானம். கப்பல் கிளம்ப வேண்டிய நேரத்தில், தனிமையில், அவன் அவளை வல்லுறவு செய்கிறான். போய்விடுகிறான்.

அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. தனியாகக் குழந்தையைப் பெறுகிறாள், காட்டில் கொண்டுபோய் விடுகிறாள். குழந்தை பிழைக்கிறது. வளர்ப்புத் தாயின் கை அதில் இருக்கிறது. அவனுக்கு உல்வார் என்று பெயர். ‘உல்வ்’ என்றால் ஓநாய். லியோத் திரும்பி வருகிறான், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். அவள் கொடுப்பது சாபம்: நீ நீண்ட நாள் வாழ வேண்டும், நீ நேசிப்பதெல்லாம் அழிய வேண்டும், உன் பிள்ளைகள் உன் கண் முன்னால் சாக வேண்டும் என்கிற பொருளில்.

பிறகு குன்னார் கொல்லப்படுகிறார். கொன்றவனை விக்தீஸ் தன் கையாலேயே கொன்றுவிட்டு, மகனோடு பனிக்காட்டுக்குள் தப்பி ஓடுகிறாள். அரசன் ஓலாவ் திரிக்வசனிடம் போய்ச் சேர்கிறாள், ஞானஸ்நானம் வாங்குகிறாள், நிலத்தை மீட்கிறாள், பண்ணையைத் தானே நடத்துகிறாள். லியோத் ஐஸ்லாந்தில் லெய்க்னி என்பவளை மணக்கிறான். அவன் வீட்டைச் சாவு காலி செய்கிறது. மறுபடி கடலுக்குப் போகிறவன் வேறு பெயரில் அலைகிறான். ஒரு கடற்பயணத்தில் அப்பாவும் மகனும் சந்திக்கிறார்கள். யார் என்று தெரியாமலே மகனுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. வீட்டுக்கே கூட்டி வருகிறான். அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. தலையைக் கேட்கிறாள். லியோத் மகனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவில்லை, சாவைத் தானே வரவழைத்துக்கொள்கிறான். தலை வருகிறது. மகன் போய்விடுகிறான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டதால் நாவல் கெட்டுவிடாது. சாகா மரபில் யாரும் முடிவு தெரியாமல் கதை கேட்டதில்லை.

*

ஐஸ்லாந்திய சாகாக்கள் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட உரைநடைக் கதைகள். அவை பேசுவது அதற்கு இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் முந்தைய மனிதர்களை. அவற்றின் பெரிய கட்டுப்பாடு: மனதுக்குள் போகக் கூடாது. ஒருவர் என்ன நினைத்தார் என்று கதைசொல்லி சொல்ல மாட்டார். என்ன செய்தார், என்ன பேசினார், முகம் எப்படி ஆனது, அவ்வளவுதான். நியால் சாகாவில் ஃப்ளோசியிடம் ஹில்டிகுன் தன் கணவனின் ரத்தம் உறைந்த மேலங்கியைப் போர்த்துகிற இடம் இருக்கிறது. அவன் உள்ளே என்ன நடந்தது என்று சாகா விளக்காது. முகத்தின் நிறம் மாறியதை மட்டும் சொல்லும். நமக்குப் போதும்.

சின்ன வயதில் நியால் சாகாவைப் படித்தது தன் வாழ்வின் முக்கியமான திருப்பம் என்று உண்ட்செட் கருதினார். இந்த நாவலில் அவர் அந்த நடையையே கையில் எடுக்கிறார். குறுகிய அத்தியாயங்கள், வறண்ட வாக்கியங்கள், பேச்சில் மட்டும் தெறிக்கும் உணர்ச்சி. சேட்டரின் ஆங்கிலத்தில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

கேள்வி இதுதான். வல்லுறவைப் பற்றிய நாவலை, மனதுக்குள் போகாத நடையில் ஏன் எழுத வேண்டும்? இன்றைய எழுத்தாளர் என்றால் விக்தீஸின் உள்ளே முழுவதும் இறங்கியிருப்பார். அந்த வழியிலும் பெரிய நாவல்கள் வந்திருக்கின்றன. ஆனால் உண்ட்செட்டின் கதவடைப்பு வேறொன்றைச் செய்கிறது. அந்தக் கொடுமை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. படிக்கிறவனுக்குப் பார்க்கக் கிடைப்பது எதுவும் இல்லை. அவள் வலியை அருகில் நின்று ரசிக்கவோ, பரிதாபப்பட்டு நம்மை நல்லவர்களாக உணரவோ வாய்ப்பில்லை. அவளுடைய உள் அறைக்குள் லியோத் அனுமதி இல்லாமல் நுழைந்தான். கதைசொல்லி அதைச் செய்ய மறுக்கிறார். நம்மையும் வெளியே நிறுத்துகிறார்.

இதன் விளைவாக விக்தீஸை நாம் அவள் செயல்களால் மட்டுமே அறிகிறோம். அவள் பரிதாபத்துக்குரியவள் ஆவதே இல்லை. அச்சமூட்டுகிறாள், சில இடங்களில் வெறுப்பும் ஊட்டுகிறாள். குழந்தையைக் காட்டில் விட்டவள். இதை நம் காலத்துக் கண்ணால் மட்டும் பார்க்க முடியாது. ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் கிறிஸ்தவத்தை ஏற்றபோதுகூட, குழந்தைகளை வெளியில் விடுவதைப் பற்றிய பழைய சட்டம் அப்படியே தொடரலாம் என்ற சலுகையோடுதான் ஏற்றது. பிறகே அது நீக்கப்பட்டது. ஆனாலும் உண்ட்செட் அந்தச் செயலை வழக்கம் என்று சொல்லிக் கழுவிவிடவில்லை. அதன் நிழல் அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே கடைசிவரை கிடக்கிறது.

*

பழிவாங்கல் என்றதும் நாம் கட்டுப்பாடில்லாத வெறியை நினைக்கிறோம். அந்தச் சமூகத்தில் அது கிட்டத்தட்ட நேர்மாறு. ஐஸ்லாந்தில் கி.பி. 930-இல் ஆல்திங் என்ற பொதுச்சபை உருவானது. சட்டம் இருந்தது, வழக்கு இருந்தது, தீர்ப்பு இருந்தது. தீர்ப்பை நிறைவேற்ற ஆள் மட்டும் கிடையாது. அரசன் இல்லை, போலீஸ் இல்லை, சிறை இல்லை. வென்றவனே போய்த் தீர்ப்பைச் செயல்படுத்திக்கொள்ள வேண்டும். என் தொழில் மொழியில் சொன்னால், மைய சர்வர் இல்லாத ஒரு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட். ஒரு கொலைக்கு ஈட்டுத்தொகை வாங்கலாம், இல்லை பதிலுக்குக் கொல்லலாம். ரெண்டும் செய்யாதவன் சிஸ்டத்திலிருந்தே மதிப்பிழந்துபோவான். வில்லியம் இயன் மில்லர் 1990-இல் எழுதிய புத்தகம் சாகாக்களை வைத்து இந்த ஏற்பாட்டை நுணுக்கமாக விளக்குகிறது. நார்வேயில் அரசன் உண்டு. ஆனால் ஒவ்வொரு பண்ணைக்கும் அவன் கை நீளாது.

இதில் பெண்ணின் இடம் எது? ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான கிராகாஸ், ஒரு ஆண் ஆறு உறவுப் பெண்களுக்காக ஆளைக் கொல்லலாம் என்கிறது: மனைவி, மகள், தாய், சகோதரி, வளர்ப்பு மகள், வளர்ப்புத் தாய். அத்துமீறியவனை அந்த இடத்திலேயே கொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கே காயம்பட்டவனாகச் சட்டம் பார்ப்பது அந்த ஆணை. வழக்கும் அவனுடையது, ஈட்டுத்தொகையும் அவனுடையது.

சாகாப் பெண்களுக்கு மிஞ்சியது தூண்டிவிடுகிற வேலை. லாக்ஸ்டேலா சாகாவின் குத்ருன், தான் நேசித்த கியார்தனுக்கு எதிராகச் சகோதரர்களை உசுப்புகிறாள். தன் கணவன் போல்லி கொல்லப்பட்டு ஆண்டுகள் போன பிறகு, ரத்தக்கறை படிந்த துணிகளை மகன்கள் முன் விரிக்கிறாள். ‘குன்னாரின் மகள்’ இந்த மரபின் நேரடி வாரிசு. ஒரு பெரிய வித்தியாசத்தோடு. குத்ருன் கேட்பது ஆண்களின் சாவுக்கான பழி. விக்தீஸ் கேட்பது தனக்கு நடந்ததற்கான பழி. சட்டத்தின் கணக்கில் அது அவளுடைய கடனே இல்லை. அவள் அந்த சிஸ்டத்தின் எட்ஜ் கேஸ். அப்பாவிடம் சொல்லியிருந்தால் வழக்கு அவருடையதாகியிருக்கும், பெருந்தொகை வந்திருக்கும், ஒருவேளை கல்யாணமும் நடந்திருக்கும். கணக்கு சமன். அவளுக்கு அந்தச் சமன் வேண்டாம். அவள் மௌனம் வெட்கத்தால் மட்டும் வந்ததில்லை. தன் காயத்தை இன்னொருவர் பெயரில் எழுத விடாத பிடிவாதமும் அதில் இருக்கிறது.

உண்ட்செட் பெண்ணுரிமை இயக்கத்தோடு ஒத்துப்போனவரில்லை. 1919-இல் வந்த கட்டுரைத் தொகுப்பில் அதை வெளிப்படையாகவே விமர்சித்தார். 1924-இல் கத்தோலிக்கரானார். அப்படிப்பட்டவர் எழுதிய இந்த நாவல், ஒரு பெண்ணின் உடம்பு யாருடைய சொத்து என்ற கேள்வியை இத்தனை கூர்மையாகக் கேட்கிறது. எழுத்தாளரின் கொள்கையைவிட அவருடைய கவனம் ஆழமாகப் போயிருக்கிறது.

*

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். காதல்.

லியோத்தின் பக்கம் நின்றால் இது காதல்கதைதான். அவன் வருந்துகிறான், திரும்பி வருகிறான், அவளை மறக்க முடியாமல் அழிகிறான், கடைசியில் மகன் கையால் சாகிறான். நம் சினிமாக்கள் இந்த ஆளைப் பலமுறை நாயகனாக்கியிருக்கின்றன. தவறு செய்தவனின் துயரம் பெரிதாகப் பெரிதாக, தவறு சின்னதாகிக்கொண்டே போகும். உண்ட்செட் அந்தத் துயரத்தை மறைக்கவில்லை. ஐஸ்லாந்துப் பகுதிகள் உண்மையாகவே கனமானவை. ஆனால் அந்தத் துயரம் விக்தீஸுக்குத் தர வேண்டிய கடனிலிருந்து ஒரு காசைக்கூடக் கழிப்பதில்லை.

அதே சமயம், விக்தீஸ் அவனை நேசித்திருப்பாள் என்பதையும் நாவல் மறைக்கவில்லை. அவன் பொறுத்திருந்தால், அவள் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வரும்வரை காத்திருந்தால். அவள் கோபத்தின் வேர் அங்கேதான். முன்பின் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் அவள் அவனைக் கொன்றுவிட்டு மறந்திருக்கலாம். அப்பாவைக் கொன்றவனை அவள் அப்படித்தான் முடித்தாள், அவனைப் பற்றிப் பிறகு கவலைப்படவில்லை. லியோத்தை அப்படி முடிக்க முடியவில்லை. அவள் தானாகக் கொடுக்கவிருந்ததை அவன் பறித்தான். பறித்த பிறகு அதைக் கொடுக்கவே முடியாது. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவன் திரும்பி வருவது அதனால்தான் அவளுக்கு இரண்டாவது அவமானம். நடந்ததை விலை கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று அவன் நம்புகிறான். ஈட்டுத்தொகைச் சமூகத்தின் பிள்ளைதானே அவனும்.

ஆகவே இது காதல் தோற்ற கதையும் இல்லை, காதலே இல்லாத கதையும் இல்லை. ஒரு காதல் பிறக்கும் முன்பே கொல்லப்பட்ட கதை. விக்தீஸ் பழி கேட்பது அந்தக் கொலைக்கும் சேர்த்து.

*

இங்கேயே நாவல் நின்றிருந்தால் நாம் நிம்மதியாக விக்தீஸின் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். உல்வார் அதைக் கெடுக்கிறான்.

உல்வார் எந்தக் கணக்கிலும் இல்லாதவன். அவன் பிறப்பதா என்று அவனைக் கேட்கவில்லை, அது யாருக்கும் கிடைக்காதது. காட்டில் விடப்பட்டதும் அவனைக் கேட்டு இல்லை. வளர்ந்த பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக அவனாகத் தேர்ந்துகொண்ட ஒரு பிரியம் இருக்கிறது. கடலில் சந்தித்த அந்த மூத்த மனிதன்மேல் வைத்த பிரியம். அம்மா அதையே ஆயுதமாக மாற்றி அவன் கையில் கொடுக்கிறாள். லியோத் தன் ஆசைக்காக அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான். அவள் தன் நீதிக்காக மகனைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறாள். இரண்டும் ஒரே எடை என்று சொல்ல மாட்டேன். ஒன்றின் வடிவம் இன்னொன்றில் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

லியோத்தின் முடிவையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மகனோடு மோதாமல் சாவை ஏற்பது பெரிய தியாகம் போலத் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு அப்பாவைக் கொன்றவன் என்ற பாரத்தோடு எஞ்சிய வாழ்நாளை வாழ வேண்டியவன் உல்வார். கடைசி நேரத்திலும் அப்பா தன் கணக்கைத்தான் முடித்துக்கொள்கிறான்.

விக்தீஸின் பழைய சாபத்தை இங்கே திரும்பப் படித்தால் முதுகு சில்லிடும். லியோத் நேசிப்பதெல்லாம் அழிய வேண்டும் என்றாள். அவன் கடைசிவரை நேசித்தது அவளை. அவன் பிள்ளைகள் என்றாள். உல்வாரும் அவன் பிள்ளை. அவள் போட்ட சாபத்தின் எல்லைக்குள்ளேயே அவளும் அவள் மகனும் நின்றுகொண்டிருந்தார்கள். சாபம் முழுதாகப் பலித்தது.

நாவலில் குறைகளும் உண்டு. அப்பாவும் மகனும் கடலில் சந்திப்பது தற்செயலுக்கு மேல் தற்செயல். சாகாக்களில் இது சகஜம் என்றாலும், இத்தனை இறுக்கமான நாவலில் அது கதையாசிரியரின் கைவேலையாகத் தெரிகிறது. கிறிஸ்தவம் வருகிறது, ஞானஸ்நானம் நடக்கிறது, ஆனால் மன்னிப்பு என்ற புதிய சொல் விக்தீஸின் உலகத்தில் உண்மையாக மோதுவதே இல்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு ‘கிறிஸ்டின்’ எழுதும்போதுதான் உண்ட்செட் அந்த மோதலுக்குள் முழுசாக இறங்குகிறார். அதைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் எலும்புக்கூடு போல இருக்கலாம். எனக்கு அந்த எலும்பு பிடித்திருக்கிறது. மன்னிப்பு என்ற வழியே இல்லாத இடத்தில் ஒரு நியாயமான கோபம் எதுவரை போகும் என்று அது கடைசிவரை நடந்து பார்க்கிறது.

விக்தீஸ் கேட்டது நியாயம்தானா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். அவளுக்குக் கிடைத்ததா என்றால், அதுவும் ஆமாம். கேட்டதையெல்லாம் வாங்கிய பிறகு வாதின் பண்ணையில் அவளோடு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். லியோத்தின் தலை வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவன் இல்லை.